பூச்சி மருந்தின் ஆபத்தைச் சொன்ன பெண்மணி

குன்னூர், கோத்தகிரி பக்கம் தேயிலைத் தோட்டங்களில் முதுகில் பம்பைக் கட்டிக்கொண்டு மருந்து அடிப்பார்கள். அந்த மருந்து டப்பாவில் சாய்ந்த சதுரம் ஒன்று இருக்கும். அதன் கீழ்ப்பாதியில் ஒரு நிறம்.

சிவப்பு என்றால் மிகக் கொடிய விஷம். மஞ்சள் அதற்கு அடுத்தது. பிறகு நீலம். கடைசியில் பச்சை. எழுத்து தெரியாதவரும் ஆபத்தை அறிய இந்த ஏற்பாடு.

விஷத்தின் கெடுதலை மக்கள் அறிய வேண்டும் என்று உலகம் கேட்கச் சொன்னவர் ஒரு பெண்மணி. அவர்தான் ரேச்சல் கார்சன்.

தாய் காட்டிய வழி

1907-ம் ஆண்டு மே 27-ந் தேதி, அமெரிக்காவில் ஸ்பிரிங்டேல் என்ற ஊரில் பிறந்தார். வசதி இல்லாத குடும்பம். ஆனால் தாயார் மகளைத் தோப்புக்கு அழைத்துச் சென்று பறவைகளையும் பூச்சிகளையும் காட்டி வளர்த்தார்.

1932-ல் விலங்கியலில் எம்.ஏ. பட்டம் பெற்றார். தகப்பனார் இறந்தார், பிறகு அக்காளும் இறந்தார். குடும்பப் பாரம் கார்சன் தலையில் விழுந்தது. அரசாங்க மீன் துறையில் வேலை பார்த்தார். 1951-ல் கடலைப் பற்றி அவர் எழுதிய புத்தகம் அவருக்குப் பெரும் புகழ் தந்தது.

ஒரு கடிதம்

1958-ல் ஒரு சிநேகிதியிடமிருந்து கடிதம் வந்தது. கொசுவை ஒழிக்க விமானத்திலிருந்து டி.டி.டி. தெளித்தார்களாம். தோட்டத்துப் பறவைகள் செத்து விழுந்தனவாம்.

அதே ஆண்டில்தான் நம் நாட்டில் ஒரு கோரம் நடந்தது. பாரத்தியான் என்ற பூச்சி மருந்து உணவுப் பொருளில் கலந்துவிட்டது. கேரளத்தில் 100-க்கு மேற்பட்டோர் மாண்டனர்.

கார்சன் நான்கு ஆண்டுகள் ஆராய்ந்தார். 1962-ல் "மௌன வசந்தம்" என்ற நூல் வெளிவந்தது. மருந்துக் கம்பெனிகள் சீறின. அவரை ஏளனம் செய்தன. அப்போது அவர் உடலைப் புற்றுநோய் தின்றுகொண்டிருந்தது. அதை அவர் வெளியே சொல்லவில்லை.

1963-ல் ஜனாதிபதி கென்னடி அமைத்த விஞ்ஞானிகள் குழு, அவர் எச்சரிக்கையில் நியாயம் உண்டு என்றது. 1964 ஏப்ரல் 14-ந் தேதி கார்சன் காலமானார். வயது 56.

யார் எச்சரிப்பது?

1972-ல் அமெரிக்கா டி.டி.டி.யைத் தடை செய்தது. அதே ஆண்டு பூச்சி மருந்துச் சட்டமும் திருத்தப்பட்டது. டப்பாவில் ஒட்டும் லேபிளில் மத்திய சர்க்கார் கேட்பதற்கு மேலாக எதையும் மாநிலங்கள் கேட்கக் கூடாது என்றது சட்டம்.

இதில் ஒரு சிக்கல் வந்தது. நஷ்டப்பட்ட விவசாயி, கம்பெனி தன்னை எச்சரிக்கவில்லை என்று மாநிலச் சட்டப்படி வழக்குப் போட்டார். மத்திய சர்க்காரே ஏற்ற லேபிள் இது, வழக்கு செல்லாது என்றது கம்பெனி.

2005-ல் டெக்ஸாஸ் நிலக்கடலை விவசாயிகள் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு அளித்தது. மத்தியச் சட்டம் கேட்பதையே மாநிலச் சட்டமும் கேட்டால் வழக்குப் போடலாம்; அதற்கு மேல் கேட்டால் முடியாது. அதன் பிறகும் இந்தச் சண்டை ஓயவில்லை.

நம் நாட்டிலும் 1968-ல் பூச்சி மருந்துச் சட்டம் வந்தது. 1971-ல் விதிகள் வந்தன. நிறச் சதுரம் அந்த விதிகளில் உள்ளதுதான்.

எச்சரிக்கை எழுதியிருந்தால் மட்டும் போதுமா? யாராவது படிக்க வேண்டாமா? வீட்டில் படிக்கத் தெரிந்த பிள்ளை இருந்தால், மருந்து அடிக்கப் போகும் அப்பாவுக்கு ஒரு முறை வாசித்துக் காட்டட்டும். கார்சன் விரும்பியதும் அதுதான்: தெரிந்துகொள்ளாமல் ஒருவரும் விஷத்தைத் தொடக் கூடாது.