எஞ்சினுக்குக் காத்திருந்த எஞ்சினியர்



திண்டிவனம் பைபாஸில் லாரி படுத்துவிட்டால் மெக்கானிக் அசர மாட்டார். விழுப்புரத்தில் கிடைக்காத பார்ட்ஸ்கூட சென்னையிலிருந்து சாயங்கால பஸ்ஸில் வந்து இறங்கிவிடும். போர் விமானத்துக்கு அப்படி வராதுங்க. அந்த வேதனையை அனுபவித்தவர்தான் கர்ட் டாங்க். மெக்கானிக்கல் படிக்கிற நாம எல்லோரும் அவரைத் தெரிஞ்சுக்கணும் என்பது என் ஆசை.

1898ல் பிறந்த ஜெர்மானியர். முதல் உலகப் போரில் குதிரைப்படை வீரர். பிறகு பெர்லினில் எஞ்சினியரிங் படித்து, 1931ல் போக்கே-வுல்ப் கம்பெனியில் சேர்ந்தார். தான் வரைந்த விமானத்தைத் தானே ஓட்டியும் பார்ப்பார். அவருடைய எப்.டபிள்யூ.190 ரக விமானங்கள் 20,000 வரை செய்யப்பட்டன. ஹிட்லரின் போருக்கு உழைத்த விமானம்தான், மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அதற்குள் ஒரு பாடம் இருக்கு. பந்தயக் குதிரை வேண்டாம், அடி தாங்கும் படைக்குதிரை போதும் என்பது அவர் கொள்கை. களத்திலேயே கழற்றி மாட்டுகிற மாதிரி இருக்கணும். மற்ற விமானங்கள் போட்டி போட்ட எஞ்சினைத் தொடாமல், தாராளமாகக் கிடைத்த வேறு ரகத்தை எடுத்துக்கொண்டார். கெட்டிக்காரர்!

போருக்குப் பின் அர்ஜென்டினா போனார். 1956ல் தன் குழுவோடு பெங்களூர் வந்தார். அங்கே நம்ம எஞ்சினியர்களோடு சேர்ந்து உருவாக்கியதுதான் எச்.எப்.24 'மாருத்'. 1959ல் முதலில் மரக் கிளைடர் செய்து பறக்கவிட்டார்கள். 1961 ஜூன் 17ல் சுரஞ்சன் தாஸ் அசல் மாருத்தை வானில் ஏற்றினார்.

உடம்பு ஒலியைப் போல இரு மடங்கு வேகத்துக்கு வரைந்தது. ஆனால் நம்பியிருந்த ஆர்பியஸ் 12 எஞ்சின் வரவேயில்லை. பிரிட்டிஷ் கம்பெனி எஞ்சினை உருவாக்கும் செலவைக் கேட்டது, நம்ம அரசு தரவில்லை. கிடைத்தது சக்தி குறைந்த ஆர்பியஸ் 703. எகிப்து எஞ்சினைப் பொருத்திப் பார்த்தும் பலிக்கவில்லை. 1970 ஜனவரியில், எஞ்சின் சக்தியைக் கூட்டிய மாருத்தைச் சோதித்தபோது சுரஞ்சன் தாஸே விபத்தில் உயிர் விட்டார்.

இருந்தும் 1971 போரில் மாருத் மானத்தைக் காப்பாற்றியது. ஒரு எஞ்சின் அடிபட்டும் மற்றதில் பத்திரமாகத் திரும்பிய மாருத்கள் உண்டு. படைக்குதிரைதானே! மொத்தம் செய்தது 147 மட்டும். இவ்வளவு கொஞ்சத்துக்கு ஸ்பேர் பார்ட்ஸ் செய்தால் எந்த ஷாப்புக்குக் கட்டுப்படியாகும், சொல்லுங்க? 1990க்குள் எல்லாமே ஓய்வு பெற்றன. டாங்க் 1983ல் மியூனிக்கில் காலமானார்.

ஜெர்மனியில் எஞ்சினைத் தேர்ந்தெடுத்து ஜெயித்தவர், இங்கே எஞ்சினுக்காகக் காத்திருந்தே தோற்றார். அது அவர் மூளையின் தோல்வி இல்லை என்பேன். விமானம் நம்முடையது, அதன் இதயம் அடுத்தவன் கையில். இன்றைய தேஜஸும் அமெரிக்க எஞ்சினில்தான் பறக்கிறது.

நாம் லேத்தில் கடைகிற சின்ன புஷ்ஷைக்கூட அலட்சியமா நினைக்காதீங்க. அது சொந்த ஊரில் கிடைக்காத நாளில்தான் அதன் விலை தெரியும்!