ஒரு ஸ்டாரா, நாலு இளைஞர்களா? இந்திய கால்பந்துக்கு தங்கம் வாங்கித் தந்த ரஹீமின் கதை

பொங்கல் நெருங்கினா போதும், மடுகரை, நெட்டப்பாக்கம், பாகூர் பக்கமெல்லாம் டோர்னமென்ட் களைகட்டும். கபடியோ, வாலிபாலோ, கிரிக்கெட்டோ, டீம் போடுற அண்ணன்கள் முன்னாடி வந்து நிற்கிற கேள்வி ஒண்ணுதான். கையில இருக்கிற காசைக் கொடுத்து வெளியூர் ஸ்டார் ஒருத்தரை இறக்குறதா? இல்ல, அதே காசுல உள்ளூர் பசங்க நாலு பேருக்கு ஷூ வாங்கிக் கொடுத்து தேத்துறதா?

இதே கேள்வியை அமெரிக்க கால்பந்து அணிகள் ஒவ்வொரு வருஷமும் கோடிக்கணக்கான பணத்தை வச்சுக்கிட்டு கேட்குறாங்க. இந்தியாவில் இதுக்கு மைதானத்திலேயே பதில் சொன்னவர் ஹைதராபாத்தைச் சேர்ந்த ஒரு பள்ளிக்கூட வாத்தியார். பெயர் சையத் அப்துல் ரஹீம்.

டிரேட் டவுன் என்றால் என்ன?

அமெரிக்காவின் என்.எஃப்.எல் தொடரில், கல்லூரியில் இருந்து வரும் புது வீரர்களை அணிகள் வரிசைப்படி தேர்வு செய்யும். இதற்குப் பெயர்தான் டிராஃப்ட். போன சீசனில் கடைசி இடம் பிடித்த அணிக்கு முதல் வாய்ப்பு. அந்த அணி நினைத்தால் முதல் வாய்ப்பை வேறொரு அணிக்கு விட்டுக்கொடுத்து, பதிலுக்கு பின்வரிசையில் இரண்டு மூன்று வாய்ப்புகளை வாங்கிக்கொள்ளலாம். இதைத்தான் டிரேட் டவுன் என்கிறார்கள். ஒரு பெரிய பேரை விட்டுட்டு, பல சின்னப் பேர்களை எடுப்பது.

பொருளாதார நோபல் பரிசு பெற்ற ரிச்சர்ட் தேலரும் கேட் மாஸியும் இதை ஆராய்ந்தார்கள். முதல் சில இடங்களில் எடுக்கப்படும் வீரர்களுக்கு அணிகள் தேவைக்கு மேல விலை கொடுக்கின்றன என்பது அவர்கள் கண்டது. 1989-ல் டல்லாஸ் கவ்பாய்ஸ் அணி தன்னிடம் இருந்த ஒரே பெரிய நட்சத்திரமான ஹெர்ஷல் வாக்கரை விட்டுக்கொடுத்து, டிராஃப்ட் வாய்ப்புகளை அள்ளியது. அடுத்த ஏழு வருஷத்துக்குள் அந்த அணி மூன்று சூப்பர் பவுல் பட்டங்களை ஜெயித்தது.

சரி, யார் இந்த ரஹீம்?

1909 ஆகஸ்ட் 17-ல் ஹைதராபாத்தில் பிறந்தவர். உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் பி.ஏ. படித்தார், பிறகு ஆசிரியர் வேலை. உடற்கல்வியிலும் டிப்ளமோ வாங்கினார். ஆடிய காலத்தில் பெரிய ஸ்டார் இல்லை. ஆனால் ஒரு பையனைப் பார்த்தால், அவன் இன்னும் மூணு வருஷத்தில் எங்கே இருப்பான் என்று கணக்குப் போடத் தெரிந்தவர். 1943-ல் ஹைதராபாத் கால்பந்து சங்கச் செயலாளர் ஆனார். 1950-ல் ஹைதராபாத் சிட்டி போலீஸ் அணியின் பயிற்சியாளர். அதே காலகட்டத்தில் இந்திய அணியும் அவர் கைக்கு வந்தது.

ஸ்டாரை வாங்க காசில்லை, என்ன செய்தார்?

அந்தக் காலத்தில் இந்திய கால்பந்தின் தலைநகரம் கொல்கத்தா. மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால், முகமதன் ஸ்போர்ட்டிங் என்று பெரிய கிளப்புகள், பெரிய கூட்டம், பெரிய பணம். நாட்டில் எங்கே நல்ல வீரர் இருந்தாலும் கடைசியில் அங்கேதான் போய்ச் சேருவார். ஹைதராபாத் போலீஸ் அணியால் அந்தப் போட்டியில் இறங்க முடியாது.

அதனால் ரஹீம் உள்ளூர் பசங்க பக்கம் திரும்பினார். வித்தியாசமான டோர்னமென்ட்கள் நடத்தினார். ஒன்றில் பந்தை வைத்து டிரிபிள் செய்யவே கூடாது. பந்து வந்ததும் பாஸ் கொடுத்தாகணும். தனி ஆளாக வித்தை காட்ட முடியாது என்பதால், பந்து இல்லாதவனும் ஓடி இடம் பிடிக்கக் கற்றுக்கொண்டான். இன்னொன்றில் பழக்கமில்லாத காலால் மட்டுமே உதைக்கணும். வலது காலில் மட்டும் ஆடத் தெரிந்தவன், இப்படி இடது காலையும் பழகினான். பெரிய செலவு ஒண்ணும் இல்லை. ஆனால் எந்த இடத்தில் நிறுத்தினாலும் ஆடக்கூடிய பசங்க கூட்டம் கூட்டமாக உருவானார்கள்.

பலன் உடனே தெரிந்தது. 1950 துராந்த் கோப்பை இறுதியில் மோகன் பகானையே ஹைதராபாத் போலீஸ் வீழ்த்தியது. 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து முறை ரோவர்ஸ் கோப்பையை ஜெயித்தது.

பலராம் வந்த கதை

செகந்திராபாத் அருகே அம்முகுடாவில் ஏழைத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர் துளசிதாஸ் பலராம். பயிற்சிக்கு ஹைதராபாத் வந்து போகக்கூட கையில் காசில்லை. சைக்கிள் வாடகைக்கு ரஹீம்தான் பணம் கொடுத்து வரவழைத்தார் என்று பலராம் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் இந்திய ஜெர்சி போட்டபோது பலராமுக்கு வயது 20தான். 1957-ல் ஈஸ்ட் பெங்கால் அவரை அழைத்துக்கொண்டது.

வளர்த்தது ஹைதராபாத், எடுத்தது கொல்கத்தா. ஆனாலும் ரஹீமின் அணி விழவில்லை. ஒருவர் போனால் அடுத்தவர் தயாராக இருந்தார். 1957-லும் 1961-லும் துராந்த் கோப்பை மறுபடி ஹைதராபாத்துக்கே வந்தது.

இந்திய அணியில் என்ன நடந்தது?

1951 டெல்லி ஆசிய விளையாட்டில் தங்கம். அடுத்த வருஷமே பெரிய அடி. 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவிடம் 10-1 என்று தோல்வி. குளிரில் நம்ம வீரர்கள் பல பேர் வெறுங்காலில் ஆடினார்கள். அதன்பிறகு பூட்ஸ் கட்டாயமானது.

நான்கே வருஷத்தில் ரஹீமின் அணி தலைகீழாக மாறியது. 1956 மெல்போர்னில் ஆஸ்திரேலியாவை 4-2 என வென்றது. நெவில் டிசோசா ஹாட்ரிக் அடித்தார். ஒலிம்பிக் கால்பந்து அரையிறுதிக்குப் போன முதல் ஆசிய நாடு இந்தியா. கடைசியில் நான்காவது இடம். அந்த அணியில் பலராம் போல ஹைதராபாத்தில் இருந்து வந்தவர்கள் பல பேர். 1960 ரோம் ஒலிம்பிக்கில் பிரான்ஸை 1-1 என டிரா செய்த இந்திய அணியிலும் ரஹீம்தான் பயிற்சியாளர். தஞ்சாவூர்க்காரர் சைமன் சுந்தர்ராஜ் அந்த அணியில் இடம்பெற்றிருந்தார்.

ஜகார்த்தா 1962: ஸ்டார் தேவையே இல்லையா?

அப்படிச் சொல்லிவிட முடியாது. 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் முதல் ஆட்டத்திலேயே தென்கொரியாவிடம் 2-0 என இந்தியா தோற்றது. அடுத்து தாய்லாந்தை வென்றாலும், தடுப்பாட்டத்தின் தூணான ஜர்னைல் சிங்குக்கு தலையில் அடிபட்டு தையல் போட வேண்டி வந்தது. ஜப்பானை அவர் இல்லாமலே இந்தியா வென்றது.

அரையிறுதியில் ரஹீம் எடுத்த முடிவுதான் இன்றுவரை பேசப்படுகிறது. காயத்தோடு இருந்த ஜர்னைலை பின்வரிசையில் வைக்காமல், முன்வரிசையில் கோல் அடிக்க அனுப்பினார். பின்னாடி காலியான இடத்தைப் பார்த்துக்கொள்ள அருண் கோஷ், சந்திரசேகர் போன்றவர்கள் தயாராக இருந்தார்கள். அதனால்தான் அந்த ரிஸ்க்கை எடுக்க முடிந்தது.

செப்டம்பர் 4, இறுதிப்போட்டி. எதிரில் மறுபடி தென்கொரியா. அரசியல் தகராறால் கோபத்தில் இருந்த ஜகார்த்தா ரசிகர்கள் இந்தியாவுக்கு எதிராகக் கூச்சல் போட்டார்கள். மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் வளர்ந்த உயரமான கோல்கீப்பர் பீட்டர் தங்கராஜை ரஹீம் களமிறக்கினார். 17-வது நிமிஷத்தில் பி.கே. பானர்ஜி கோல். 20-வது நிமிஷத்தில் ஜர்னைல் கோல். 2-1 என இந்தியாவுக்குத் தங்கம்.

பெரிய வீரர் தேவைதான். ஆனால் அவரைச் சுற்றி பத்துப் பேர் சரியாக இருந்தால்தான் அவருடைய மதிப்பு முழுசாகக் கிடைக்கும். ஜகார்த்தா காட்டியது இதைத்தான்.

கணக்கு எங்கே தப்பியது?

ஜகார்த்தாவுக்குப் போகும்போதே ரஹீமின் உடல்நிலை சரியில்லை. நுரையீரல் புற்றுநோய். தங்கம் வென்று ஒன்பது மாதங்களில், 1963 ஜூன் 11-ல் இறந்தார். வயது 53.

1964 ஆசியக் கோப்பையில் இரண்டாம் இடம், 1970 ஆசிய விளையாட்டில் வெண்கலம் என்று இந்தியா கொஞ்ச காலம் தாக்குப்பிடித்தது. அதன்பிறகு ஆசிய விளையாட்டு கால்பந்தில் ஆண்கள் அணிக்குப் பதக்கமே இல்லை. 1960-க்குப் பிறகு ஒலிம்பிக் கால்பந்துக்கும் இந்தியா தகுதி பெறவில்லை.

ஒரு ஸ்டாரை நம்பாமல் அணி கட்டியவர் ரஹீம். ஆனால் இந்திய கால்பந்து ரஹீம் என்ற ஒருத்தரையே நம்பி இருந்துவிட்டது. வீரர்களை வரிசையாகத் தயார் செய்த அந்த வாத்தியாருக்கு அடுத்து இன்னொரு வாத்தியாரை யாரும் தயார் செய்யவில்லை. நாலு இளைஞர்களை எடுக்கலாமா என்று யோசிக்கிற எந்த அணியும் கூடவே இதையும் யோசிக்கணும். அந்த நாலு பேருக்கு தினமும் சாயங்காலம் மைதானத்தில் நின்று சொல்லிக்கொடுக்க ஆள் இருக்கா? அந்த ஆள் போனால் அடுத்தது யார்?