தொடக்க மாணவருக்காகப் பத்தாண்டு உழைத்த பெண்மணி: மரியா ஆன்யேசி

எமது கையில் முதன்முதலாக வரைபுத்தாள் தரப்பட்ட நாளை எம்மிற் பலர் மறந்திருக்கமாட்டோம். குறுக்கே எக்ஸ் அச்சு, நெடுக்கே வை அச்சு. கணித ரீச்சர் கரும்பலகையில் ஒரு புள்ளியை இட்டு, இரண்டு எண்களால் அதன் இடத்தைச் சொல்லலாம் என்றார். பிறகு வை சமன் இரண்டு எக்ஸ் சக ஒன்று என்று எழுதி, அட்டவணை போட்டுப் புள்ளிகளைக் குறிக்கச் சொன்னார். அடிமட்டத்தை வைத்து இணைத்தபோது ஒரு நேர்கோடு வந்தது. எழுத்துக்களுக்குள் ஒரு கோடு ஒளிந்திருப்பதை அன்றுதான் கண்டேன்.

உயர்தரத்தில் நான் உயிரியலைத் தெரிந்தெடுத்தேன். கணிதத்தை விட்டுப் போகிறேனே என்ற குற்ற உணர்வோடு ரீச்சரிடம் சொல்லப் போனது நினைவிருக்கிறது. இன்னொரு எண்ணமும் அந்த வயதில் எனக்கு இருந்தது. இவ்வளவு கெட்டிக்காரியான ரீச்சர், வருடா வருடம் புதிய பிள்ளைகளுக்கு அதே எக்ஸையும் வையையும் சொல்லிக்கொடுத்து ஏன் காலத்தைக் கழிக்கிறார் என்று யோசித்தேன். அது எவ்வளவு பெரிய அறியாமை என்பதை எனக்கு உணர்த்தியது 18 ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் வாழ்ந்த மரியா கயெத்தானா ஆன்யேசியின் வாழ்க்கை. எமது கல்லூரியின் நூற்றாண்டு மலரில் அவரைப் பற்றி எழுதுவது பொருத்தமென நினைக்கிறேன்.

ஆன்யேசி 1718 மே 16 ஆம் திகதி மிலான் நகரிற் பிறந்தார். தந்தையார் பியேத்ரோ பட்டு வணிகத்தால் செல்வம் பெற்ற குடும்பத்தவர். மூன்று முறை மணம் செய்த அவருக்கு 21 பிள்ளைகள். மூத்தவர் மரியா. பெண்பிள்ளைகளுக்கு வீட்டில் ஆசிரியர் வைத்துப் படிப்பிப்பது அரிதாக இருந்த காலம் அது. எனினும் தந்தையார் மகளின் திறமையைக் கண்டு சிறந்த ஆசிரியர்களை அமர்த்தினார். ஒன்பது வயதில், பெண்களும் உயர்கல்வி கற்கவேண்டும் என்ற பொருளில் அமைந்த இலத்தீன் உரையொன்றைச் சபையினர் முன் நிகழ்த்தினார். கிரேக்கம், எபிரேயம் உட்படப் பல மொழிகளைச் சிறுவயதிலேயே கற்றுத் தேர்ந்தார்.

தந்தையார் தம் வீட்டில் அறிஞர்களையும் பிரபுக்களையும் கூட்டுவார். மரியா அவர்களோடு தத்துவமும் விஞ்ஞானமும் விவாதிப்பார். தங்கை மரியா தெரேசா இசைக்கருவி வாசிப்பார். அந்த விவாதங்களில் எடுத்த பொருள்களைத் தொகுத்து 1738 இல் ஒரு நூலும் வெளிவந்தது. ஆனால் விருந்தினர் முன் காட்சிப்பொருளாக நிற்பதை மரியாவின் மனம் விரும்பவில்லை. துறவற மடத்திற் சேர விரும்பினார், தந்தையார் இணங்கவில்லை. இறுதியில், எளிமையாக உடுத்தவும் விரும்பியபோது கோவிலுக்குப் போகவும் நடன விருந்துகளிலிருந்து விலகியிருக்கவும் அனுமதி பெற்றுக்கொண்டு வீட்டிலேயே தங்கினார்.

அதன்பின் அவர் மனம் முழுவதும் கணிதத்திற் படிந்தது. 1740 இல் மிலானுக்கு வந்த ரம்பினெல்லி என்ற துறவி அவருக்கு வழிகாட்டினார். தெக்காட்டு 1637 இல் அட்சரகணிதத்தையும் கேத்திரகணிதத்தையும் இணைத்து நூறு வருடங்கள் கடந்திருந்தன. நியூற்றனும் லைப்னிற்சும் நுண்கணிதத்தை உருவாக்கியிருந்தனர். ஆனால் படிக்க விரும்பும் ஒரு பிள்ளைக்கு இவையெல்லாம் வெவ்வேறு மொழிகளில், வெவ்வேறு நூல்களில், வெவ்வேறு குறியீடுகளிற் சிதறிக் கிடந்தன. பெரும்பாலானவை ஏற்கெனவே கற்றறிந்தவர்களுக்கென எழுதப்பட்டவை. தம்பிமாருக்குப் பாடம் சொல்லிக்கொடுத்து வந்த ஆன்யேசிக்கு இந்தக் கஷ்டம் நன்றாகத் தெரியும்.

ஏறத்தாழப் பத்தாண்டு உழைப்பின் பின், 1748 இல் அவருடைய நூல் இரண்டு பாகங்களில், ஆயிரம் பக்கங்களளவில் வெளிவந்தது. இத்தாலிய இளைஞரின் பயன்பாட்டுக்கானது என்று தலைப்பிலேயே பொறித்தார். அறிஞர் மொழியான இலத்தீனை நன்கறிந்தும் மாணவரின் மொழியான இத்தாலியனில் எழுதினார். சமன்பாடுகள் பிழையின்றி வரவேண்டுமென்பதற்காக அச்சு இயந்திரத்தைத் தம் வீட்டிலேயே அமைக்கச் செய்து மேற்பார்வையிட்டார்.

நூலின் ஒழுங்குதான் அதன் சிறப்பு. முதற் பாகம் அட்சரகணிதத்தின் அடிப்படைச் செய்கைகளிலிருந்து தொடங்குகிறது. பின்னர் சமன்பாடுகள், அதன்பின் சமன்பாட்டைக் கோடாகவும் வளையியாகவும் வரைவது, பிறகு தொடலிகள், உயர்வு இழிவுப் பெறுமானங்கள். இவற்றில் மாணவர் கால் ஊன்றிய பின்னரே இரண்டாம் பாகத்தில் நுண்கணிதம் வருகிறது. ஒவ்வொரு படிக்கும் உதாரணங்கள் உண்டு. முந்திய படி விளங்காமல் அடுத்ததற்குப் போகக்கூடாது என்ற எமது ரீச்சரின் பிடிவாதமும் இதுதான்.

அந்நூலில் வரும் வளையி ஒன்று அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. குன்றுபோல நடுவில் உயர்ந்து, இருபுறமும் அச்சை நோக்கித் தாழ்ந்து, ஆனால் ஒருபோதும் அதைத் தொடாத வளையி அது. அவருக்கு முன்னரே அறியப்பட்டிருந்த அதன் இத்தாலியப் பெயர் வெர்சியேரா. கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஜோன் கொல்சன் இந்த நூலை மொழிபெயர்ப்பதற்காகவே முதிய வயதில் இத்தாலியன் படித்தார். அவர் இந்தச் சொல்லைப் பேய்மகளைக் குறிக்கும் வேறொரு சொல்லாகப் பிழைபடக் கொண்டார். அவர் இறந்து பல ஆண்டுகளின் பின் 1801 இல் மொழிபெயர்ப்பு அச்சேறியது. இன்றும் அந்த வளையி ஆங்கிலத்தில் ஆன்யேசியின் சூனியக்காரி என்றே வழங்குகிறது. பக்தியே உருவான ஒரு பெண்ணுக்கு இப்படியொரு பட்டம்!

நூலுக்குப் பெரும் வரவேற்புக் கிடைத்தது. மரியா தெரேசா பேரரசி வைர மோதிரம் அனுப்பினார். 1750 இல் பாப்பரசர் 14 ஆம் பெனடிக்ற் பொலோஞா பல்கலைக்கழகத்தில் அவரை நியமித்தார். ஆனால் ஆன்யேசி அங்கு சென்று கற்பித்ததில்லை. 1752 இல் தந்தையார் காலமானார். அதன்பின் கணிதத்தை விட்டு, ஏழை நோயாளரைப் பராமரிப்பதற்குத் தம்மை முழுமையாக ஒப்படைத்தார். சொந்த வீட்டின் அறைகளில் நோயாளருக்கு இடம் கொடுத்தார். பேரரசி தந்த பரிசுகளையும் அவர்களுக்காக விற்றார். 1771 இல் மிலானில் முதியோருக்கும் நோயுற்ற ஏழைகளுக்குமாகத் திரிவுல்சியோ இல்லம் திறக்கப்பட்டபோது அதன் பெண்கள் பகுதியைப் பொறுப்பேற்றார். 1799 ஜனவரி 9 இல், தமது 80 ஆவது வயதில் அங்கேயே காலமானார். தனிக் கல்லறை இல்லை. தாம் பராமரித்த ஏழைகளோடு பொதுக்குழியில் அடக்கம் செய்யப்பட்டார்.

இவ்வளவு பெரிய மூளை கணிதத்தைக் கைவிட்டதே என்று வருந்துவோர் உண்டு. எனக்கு அவர் வாழ்வு இரண்டாகத் தெரியவில்லை. விளங்காமல் தடுமாறும் பிள்ளையின் பக்கத்தில் இருந்து படிப்படியாகக் கைபிடித்துச் சென்றவரே, எழுந்து நடக்க முடியாத நோயாளியின் பக்கத்திலும் இருந்தார். இரண்டுக்கும் வேண்டியது ஒரே பொறுமைதான்.

இன்று கிளினிக்கில் குழந்தையின் நிறையை வரைபிற் குறிக்கும்போது, கிடையாக மாதங்கள், நிலைக்குத்தாகக் கிலோக்கள். கோடு மேலே போகாமல் மட்டமாகும்போது தாய்க்கு அதைக் காட்டி விளங்கப்படுத்துகிறேன். படித்திறன் என்ற சொல்லை நான் அவளுக்குச் சொல்வதில்லை. ஆனால் கோடு படுத்துவிட்டதென்றால் பிள்ளைக்கு ஏதோ குறை என்பது அவளுக்கு உடனே விளங்குகிறது. அந்த வேளைகளில் சோக்குத் தூள் படிந்த ஒரு கை என் நினைவுக்கு வரும். நான் கணிதத்தை விட்டுப் போகவில்லை, ரீச்சர்.

நூறு ஆண்டுகளாக எமது கல்லூரியில் தொடக்கப் பாடங்களைச் சலிக்காது சொல்லித்தந்த ஆசிரியைகள் அனைவரையும், எந்த நாட்டில் வாழ்ந்தாலும், இவ்வேளையில் நன்றியோடு நினைவுகூர்வோம்.