மறைத்தவரே காத்தவர்

நாட்டார் பாடல்களை மாணவர்க்குப் பயிற்றும்போது, இடக்கரான சில அடிகளை நான் சொல்லாது விடுவதுண்டு. நன்னூலார் கூறும் இடக்கரடக்கல் எனக்குத் துணையாகும். ஆயினும், விட்ட அடிகள் என்னோடு அழிந்துவிடுமோ என்னும் அச்சம் எழும்போதெல்லாம், ஆங்கிலேயராகிய சிசில் ஷார்ப்பின் வாழ்வை நினைந்துகொள்வேன்.

1859 இல் இலண்டனிற் பிறந்து, கேம்பிரிட்ஜிற் கற்று, சில ஆண்டுகள் அவுஸ்திரேலியாவில் வாழ்ந்து மீண்ட இவர், இசையாசிரியராய் விளங்கினார். 1899 ஆம் ஆண்டு நத்தாருக்கு மறுநாள், ஒக்ஸ்போர்டுக்கு அண்மையிலுள்ள ஹெடிங்டனில் மனைவியின் தாயார் இல்லத்தில் தங்கியிருந்தார். அப்போது வெள்ளாடை உடுத்து, காலிற் சதங்கை கட்டிய உழைப்பாளர் சிலர், வாயிலில் மொறிஸ் என்னும் ஆட்டம் ஆடினர். அது பெந்தெகொஸ்தே விழாக் காலத்துக்குரியது. குளிர்காலத்தில் வேலையின்றி வாடியமையால், சில காசு ஈட்டவே அவர்கள் அன்று வந்தனர். கொன்சேட்டினா என்னும் சிறு துருத்தி வாத்தியம் இசைத்த கொத்தனார் வில்லியம் கிம்பரை ஷார்ப் மறுநாளே அழைத்து, மெட்டுக்களை எழுதிக்கொண்டார். 1903 இல் சமர்செற் மாகாணத்தில் ஒரு தோட்டக்காரர் பாடக் கேட்டபின், பாடல் தேடுதலே அவர் வாழ்வாயிற்று. 1911 இல் ஆங்கில நாட்டார் ஆடற் சங்கத்தை நிறுவினார்.

மொறிஸ் ஆடுவோர் ஆட்டந் தொடங்குமுன் சில அடிகளைப் பாடுவதுண்டு. அவற்றுட் சில பச்சையானவை. அவற்றை இயற்றினார் யார் என வினவின் விடை கிடையாது. ஒருவர் கட்டிய பாட்டேயாயினும், பலர் வாய்ப்பட்டுத் திரிந்து, ஊரார் ஏற்றது நிலைத்து, ஏலாதது மறைந்து உருப்பெறுவதே நாட்டார் பாடல் என 1907 இல் வெளியிட்ட நூலில் ஷார்ப் விளக்கினார்.

பள்ளிகளிலும் இல்லங்களிலும் பாடுதற்கென அச்சிட்ட தொகுதிகளில், அவரும் அவர்தம் துணைவரும் இடக்கர்ச் சொற்களை மாற்றினர். சில அடிகளை நீக்கினர். அது குற்றமெனப் பின்வந்தோர் பலர் கடிந்தனர். ஆனால் பாடினோர் சொன்னவற்றை அவர் தம் கையேடுகளிற் பேணி வைத்தார். ஏறத்தாழ ஐயாயிரம் மெட்டுக்களைத் திரட்டி, 1924 இல் மறைந்தார். அவ்வேடுகள் கேம்பிரிட்ஜின் கிளேர் கல்லூரியைச் சேர்ந்தன. 1958 இல் ஜேம்ஸ் றீவ்ஸ் அவற்றினின்று மூலச் சொற்களை எடுத்துப் பதிப்பித்தார். மறைத்தவரே காத்துமிருந்தார் என்பதை உலகம் அன்று கண்டது.

அவையறிந்து சொல்லாது விடுதல் ஆசிரியர்க்குத் தகும். எழுதாது விடுதல் தகாது. இதனை உணர்ந்த நாள்தொட்டு நானும் ஒரு குறிப்பேடு வைத்துள்ளேன். வகுப்பில் நான் சொல்லாத அடிகள் யாவும் அதில் உள்ளன.