ரொட்டித் துகள் பொறுக்கிய பிள்ளைகளும் என் தம்பியும்

என் தம்பிக்கு இப்போது 41 வயது. பிறவியிலேயே அறிவு வளர்ச்சி குறைந்தவன். சோறு தீத்துவது, சேட்டுக்குத் தெறி பூட்டுவது, தலை இழுத்து விடுவது எல்லாம் அம்மாதான். 2009இல் அம்மா செல்லடியில் போனபிறகு அந்த வேலைகள் என் கைக்கு வந்தன. முகாமில் ஒருநாள் தண்ணீர் வரிசையில் நின்றவனைக் காணவில்லை. இரண்டு நாள் தேடினேன். பெயரைத் தவிர வேறெதுவும் அவனுக்குச் சொல்லத் தெரியாது. பாசத்தினால் நாங்கள் அவனுக்கு ஒன்றுமே பழக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

மீள்குடியேறிய பின், அயலிலுள்ள முன்பள்ளி ஆசிரியை ஒருவர் சொல்லித்தான் மரியா மொண்டிசோரியைப் பற்றி வாசித்தேன். நமது ஊர்களில் பாலர் பாடசாலைப் பலகைகளில் அந்தப் பெயரைக் காணாதவர் குறைவு. ஆனால் அவர் முதலில் பழகியது என் தம்பியைப் போன்றவர்களோடு என்பது எனக்குப் புதிது.

1870இல் இத்தாலியில் பிறந்தவர். 1896இல் ரோமில் வைத்தியரானார். மனநோயாளர் விடுதிகளுக்குப் போனபோது, அறிவு வளர்ச்சி குறைந்த பிள்ளைகளை ஒரு வெறும் அறைக்குள் அடைத்து வைத்திருப்பதைக் கண்டார். சாப்பாடு முடிந்ததும் அவர்கள் தரையில் விழுந்து ரொட்டித் துகள் பொறுக்குவதாகப் பராமரிப்புப் பெண் அருவருப்போடு முறையிட்டார். மொண்டிசோரி அந்த அறையைச் சுற்றிப் பார்த்தார். தொட்டுப் பார்க்கவோ கையில் எடுக்கவோ அங்கே வேறொரு பொருளும் இல்லை. பசித்தது வயிறு அல்ல, கையும் மூளையும் என்று விளங்கிக்கொண்டார்.

இத்தகைய பிள்ளைகளுக்குக் கற்பித்த பிரெஞ்சுக்காரர் செகெனின் நூலை இத்தாலிய மொழியில் கையாலேயே எழுதி எடுத்தார். 1900இல் ரோமில் தொடங்கிய சிறப்புப் பாடசாலையில் காலை 8 மணியிலிருந்து மாலை 7 மணிவரை பிள்ளைகளோடு இருந்தார். அவர்களில் சிலர் மற்றப் பிள்ளைகளோடு பொதுப் பரீட்சை எழுதிச் சித்தியடைந்தார்கள். பின்னர் அங்கிருந்து விலகி, 1907இல் ரோமின் ஏழைக் குடியிருப்பொன்றில் சாதாரணப் பிள்ளைகளுக்கான இல்லத்தைத் தொடங்கினார். உலகப் புகழ் அதிலிருந்துதான் வந்தது. வழிகாட்டிய பிள்ளைகள் பின்னால் நின்றுவிட்டார்களே என்று எனக்கு ஒரு மனத்தாங்கல் இருக்கிறது.

அவரும் போரால் அலைந்தவர்தான். 1936இல் ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் மூண்டதும் பார்சிலோனாவை விட்டு வெளியேறினார். 1939இல் சென்னை அடையாறுக்கு வந்தார். மறுவருடம் இத்தாலி போரில் இறங்க, பிரித்தானிய அரசு அவரை எதிரி நாட்டவராகக் கணித்து அடையாறை விட்டு நகரவிடாமல் தடுத்தது. மகன் மாரியோவைத் தடுப்பு முகாமுக்கு அனுப்பியது. மணமுடிக்காமல் பெற்று, சிறுவயதில் வேறொரு குடும்பத்திடம் வளரவிட்ட மகன் அவர். தாயின் 70ஆவது பிறந்தநாளில் மாரியோவை விடுவித்தார்கள். முகாம் வாசலில் காத்துக் கிடந்தவர்களுக்கு அந்த நாளின் கனம் தெரியும். கொடைக்கானலில் சில வருடங்கள் இருந்தவர், 1944இல் இலங்கையிலும் பயிற்சி வகுப்பு நடத்தினார். 1952இல் நெதர்லாந்தில் காலமானார்.

அவருடைய சாதனங்களில் எனக்குப் பிடித்தவை இரண்டு. ஒன்று, குழிகளில் பொருத்தும் மர உருளைகள். ஒன்றைப் பிழையான குழியில் வைத்தால் கடைசியில் ஒன்று பொருந்தாமல் மிஞ்சும். பிழையை ஆசிரியர் சொல்லத் தேவையில்லை. பிள்ளையே கண்டு, யோசித்து, மாற்றி வைக்கும். மற்றது, தெறி பூட்டிப் பழகும் துணிச்சட்டம்.

பழைய படங்குக் கம்பில் சட்டம் அடித்து, பெரிய தெறிகள் தைத்துத் தம்பியிடம் கொடுத்தேன். குழந்தைகளுக்கானது இந்த வயதில் ஏறுமா என்ற ஐயம் எனக்கிருந்தது. நான்கு மாதம் எடுத்தது. பிறகு ஒருநாள் சேட்டைப் போட்டவன், மேலே ஒரு துளை மிஞ்சுவதைக் குனிந்து பார்த்தான். நான் கையை நீட்டினேன். தட்டிவிட்டு, எல்லாத் தெறியையும் கழற்றிக் கீழேயிருந்து திரும்பப் பூட்டத் தொடங்கினான். இப்போது ஊரின் பெயரையும் என் தொலைபேசி இலக்கத்தையும் பழக்கிக்கொண்டிருக்கிறேன். கடைசி மூன்று இலக்கங்கள்தான் இன்னும் வரவில்லை.