மின்சாரத்திற்குப் பாதை போட்ட இளைஞர்

சுவிட்சைத் தட்டினால் விளக்கு எரிகிறது. அந்த மின்சாரம் எந்த வழியாக வந்தது என்று நாம் யோசிப்பதில்லை. சிங்கப்பூரில் மின்கம்பிகள் பெரும்பாலும் தரைக்கடியில் செல்வதால் அவை கண்ணில் படுவதும் அரிது. ஆனால், மின்சாரத்தை உற்பத்தி செய்வதைவிட அதற்கு வழி அமைப்பதே கடினம் என்பதை 25 வயதிலேயே பட்டறிந்தவர் ஒருவர் இருந்தார். அவர் செபாஸ்டியன் டி ஃபெராண்டி.

ஃபெராண்டி 1864 ஏப்ரல் 9ஆம் தேதி இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் பிறந்தார். தந்தை புகைப்படக் கலைஞர். தாயார் பியானோ இசைக் கலைஞர். ஆனால், மகனின் மனமோ இயந்திரங்களில் லயித்தது. பள்ளிப் படிப்புக்குப் பின் சீமென்ஸ் நிறுவனத்தில் சிறிது காலம் வேலை பார்த்த அவர், 1882இல் தம் 18ஆவது வயதில் சொந்த நிறுவனத்தைத் தொடங்கினார்.

அப்போது லண்டனில் குரோவ்னர் கேலரி என்ற ஓவியக்கூடம் இருந்தது. ஓவியங்களுக்கு வெளிச்சம் தர அங்கு சிறிய மின்னாக்கி ஒன்றை நிறுவினார்கள். அதைக் கண்ட அக்கம்பக்கத்துக் கடைக்காரர்களும் மின்சாரம் கேட்டார்கள். கூரைகளுக்கு மேலே கம்பிகள் இழுக்கப்பட்டன. வாடிக்கையாளர்கள் கூடக் கூடச் சிக்கலும் கூடியது. மின்மாற்றிகள் தொடர் இணைப்பில் இருந்ததால், ஒருவர் விளக்கைப் போட்டாலோ அணைத்தாலோ மற்றவர்களின் விளக்குகளும் தடுமாறின.

1886இல் அங்கே தலைமைப் பொறியாளராகச் சேர்ந்தபோது ஃபெராண்டிக்கு வயது 21. அவர் எல்லா மின்மாற்றிகளையும் பக்க இணைப்புக்கு மாற்றினார். ஒருவர் பயன்படுத்தும் மின்சாரம் மற்றவரைப் பாதிக்கும் சிக்கல் தீர்ந்தது. உயர்நிலைப் பள்ளி இயற்பியலில் நாம் படிக்கும் அதே பாடம்தான்!

அடுத்து அவர் கண்ட கனவு பெரியது. நகரின் நடுவே சிறு சிறு நிலையங்கள் அமைப்பதற்குப் பதிலாக, ஊருக்கு வெளியே ஒரே பெரிய நிலையம் வேண்டும் என்றார். தேம்ஸ் நதிக்கரையில் உள்ள டெப்ட்ஃபர்ட் அதற்கு ஏற்ற இடம். நிலம் மலிவு. நிலக்கரி கப்பலிலேயே வந்து இறங்கும். தண்ணீருக்கும் பஞ்சமில்லை. 1887இல் லண்டன் மின்விநியோக நிறுவனம் உருவாகி, வேலை தொடங்கியது.

ஆனால், மின்சாரம் தேவைப்பட்ட மத்திய லண்டன் ஏறத்தாழ 10 கிலோமீட்டர் தொலைவில் இருந்தது. கம்பியில் வீணாகும் ஆற்றலைக் குறைக்க மின்னோட்டம் குறைய வேண்டும். அதற்கு மின்னழுத்தம் உயர வேண்டும். ஃபெராண்டி 10,000 வோல்ட்டைத் தேர்ந்தெடுத்தார். அக்காலத்தில் 2,000 வோல்ட்டே அதிகம் எனக் கருதப்பட்டது.

இங்குதான் தடைகள் வரிசையாக நின்றன. முதலில், அவ்வளவு அழுத்தத்தைத் தாங்கக்கூடிய கம்பி சந்தையில் இல்லை. எனவே அவரே ஒன்றை உருவாக்கினார். ஒரு செப்புக்குழாய்க்குள் இன்னொரு செப்புக்குழாய். இரண்டுக்கும் நடுவே மெழுகில் ஊறிய காகிதம். ஒவ்வொரு துண்டும் ஏறத்தாழ 6 மீட்டர் நீளம். அப்படி ஆயிரக்கணக்கான துண்டுகளை இணைக்க வேண்டியிருந்தது. அடுத்த தடை பாதை. வீதிகளைத் தோண்ட அனுமதி பெறுவது எளிதல்ல. எனவே ரயில் தண்டவாளங்களின் ஓரமாகக் கம்பியைக் கொண்டுசென்றார். மூன்றாவது தடை அச்சம். அதைப் போக்க, மின்சாரம் பாயும் கம்பிமீது உதவியாளர் ஒருவர் உளியைப் பிடித்துக்கொள்ள, மற்றொருவர் அதைச் சுத்தியலால் அடித்து உள்ளே இறக்கினார். வெளிக்குழாய் தரையுடன் இணைக்கப்பட்டிருந்ததால் உளியைப் பிடித்தவருக்கு ஒன்றும் ஆகவில்லை.

கம்பி வென்றது. ஆனால், விதிமுறைகள் அவரை வீழ்த்தின. 1889இல் நடந்த அரசு விசாரணைக்குப் பின் லண்டன் பல நிறுவனங்களுக்குப் பங்கிடப்பட்டது. டெப்ட்ஃபர்ட் நிலையத்திற்குக் கிடைத்த பகுதி சுருங்கியது. தயாராகிக்கொண்டிருந்த 10,000 குதிரைத்திறன் இயந்திரங்கள் பாதியிலேயே கைவிடப்பட்டன. 1890 நவம்பரில், துணைமின்நிலையமாக மாறியிருந்த குரோவ்னர் கேலரி தீக்கிரையானது. விநியோகம் நின்றதால் வாடிக்கையாளர்கள் பலர் விலகினர். 1891இல் ஃபெராண்டியும் வெளியேறினார். அப்போது அவருக்கு வயது 27.

அவர் முடங்கிவிடவில்லை. மின்மானிகளும் மின்மாற்றிகளும் தயாரித்துத் தம் நிறுவனத்தை வளர்த்தார். 1910இல் மின்பொறியாளர் கழகத்தின் தலைவரானபோது, நாடு முழுவதற்கும் பெரிய நிலையங்களிலிருந்து மின்சாரம் வழங்கவேண்டும் என்று மீண்டும் வலியுறுத்தினார். அதற்குள் லண்டன் நிறுவனங்கள் ஒவ்வொன்றும் வெவ்வேறு மின்னழுத்தத்தையும் அதிர்வெண்ணையும் பயன்படுத்தியதால், ஒன்றை மற்றொன்றுடன் இணைப்பதே பெரும் தலைவலியாகியிருந்தது. 1926இல்தான் பிரிட்டன் சட்டம் இயற்றி, 132,000 வோல்ட் தேசிய மின்கட்டமைப்பை அமைக்கத் தொடங்கியது. அதன் கோபுரங்கள் எழும்பிக்கொண்டிருந்த வேளையில், 1930 ஜனவரி 13ஆம் தேதி சூரிக் நகரில் ஃபெராண்டி காலமானார். அவர் செய்த கம்பியோ 1933 வரை உழைத்தது.

இன்றும் உலகின் பல நாடுகளில் சூரிய சக்தி, காற்றாலைத் திட்டங்கள் கட்டமைப்பில் இணைய ஆண்டுக்கணக்கில் காத்திருக்கின்றன. சூரியத் தகடுகளை விரைவாகப் பொருத்திவிடலாம். ஆனால் கம்பி, நிலம், அனுமதி, அந்தச் சுமையைத் தாங்கும் துணைமின்நிலையம் ஆகிய எல்லாம் கூடிவர வேண்டும். 2022இல் லாவோஸின் நீர்மின்சாரம் சிங்கப்பூருக்கு வந்தபோதும், இடையிலுள்ள தாய்லாந்து, மலேசியா இரண்டின் கட்டமைப்புகளும் உடன்பாடுகளும் தேவைப்பட்டன.

பொறியியல் படிக்க விரும்பும் இளையர்கள் புதிய இயந்திரங்களைக் கனவு காண்பது இயல்பு. அந்த இயந்திரத்திலிருந்து ஒரு வீட்டு விளக்குவரை போகும் பாதையையும் சேர்த்தே கனவு காணுங்கள். ஃபெராண்டியின் வாழ்க்கை நமக்குச் சொல்வது அதைத்தான்.