தனிமையில் கனிந்த தொண்டு: தவத்திரு சுவாமி சிவானந்தர்

நெல்லைச் சீமையிலுள்ள பத்தமடை என்னும் சிற்றூரில், வெங்கு ஐயர், பார்வதி அம்மாள் தம்பதியருக்கு 1887ஆம் ஆண்டு செப்டம்பர் 8ஆம் நாள் பிறந்தவர் குப்புசாமி. மகான் அப்பைய தீட்சிதரின் மரபில் வந்த இவரே, பின்னாளில் சுவாமி சிவானந்த சரஸ்வதி என உலகம் போற்றும் ஞானியாக விளங்கினார்.

தஞ்சையில் மருத்துவம் பயின்ற குப்புசாமி, 1913இல் மலாயாவுக்குக் கப்பலேறினார். செந்தூல் இரயில்வே பட்டறையிலும் ரப்பர் தோட்டங்களிலும் தமிழர்கள் வியர்வை சிந்தி உழைத்த காலம் அது. சிரம்பான் வட்டாரத் தோட்ட மருத்துவமனையிலும், பின்னர் ஜொகூர் பாருவிலுமாகப் பத்தாண்டுகள் அவர் நோய் தீர்க்கும் பணியாற்றினார். வறியோரிடம் கட்டணம் பெறாததோடு, தம் கைப்பொருளையும் கொடுத்து உதவினார். நல்ல வருவாயும் பெயரும் அவரைத் தேடி வந்தன. ஆயினும் உடற்பிணியை மருந்தால் தீர்த்தாலும் பிறவிப்பிணிக்கு மருந்து யாது என்ற வினா அவர் நெஞ்சை விட்டகலவில்லை. தாம் சிகிச்சை அளித்த சாது ஒருவர் அன்புடன் வழங்கிய வேதாந்த நூல், அவ்வினாவை மேலும் ஆழமாக்கியது.

1923இல் அனைத்தையும் துறந்து பாரதம் திரும்பினார். பல தலங்களுக்கு யாத்திரை சென்றபின், 1924இல் ரிஷிகேசத்தை அடைந்து, சுவாமி விசுவானந்த சரஸ்வதியிடம் சந்நியாசம் பெற்றார். கங்கைக் கரையிலுள்ள சுவர்க்காசிரமத்தில் ஒரு சிறு குடிலே அவரது இருப்பிடமாயிற்று. பிட்சையாகப் பெற்ற ரொட்டியே உணவு. குளிர்ந்த கங்கை நீரில் நின்று ஜபம் புரிவார், மௌனம் காப்பார், நாள்தோறும் பல மணி நேரம் தியானத்தில் ஆழ்ந்திருப்பார். காண வருவோர் பெருகியபோது, குடிலைச் சுற்றி வேலியிட்டு வாயிலைப் பூட்டிக்கொண்டார்.

இத்துணைக் கடுந்தனிமையிலும் அவருள் இருந்த மருத்துவர் மறையவில்லை. நோயுற்ற சாதுக்களின் குடில்களுக்குத் தாமே சென்று மருந்தளித்துப் பணிவிடை செய்தார். 1927இல் தமது காப்புறுதிப் பணம் கைக்கு வந்தபோது, அதனைத் தமக்கென வைத்துக்கொள்ளாமல், இலட்சுமண ஜூலாவில் இலவச மருந்தகம் தொடங்கினார். பத்ரிநாத், கேதார்நாத் செல்லும் யாத்திரிகர்கள் அதனால் பெரும் பயன் பெற்றனர். தவத்திற்குரிய நேரத்தைத் தொண்டு விழுங்கவும் இல்லை. தொண்டிற்குரிய நேரத்தைத் தவம் மறக்கவும் இல்லை.

பத்தாண்டுத் தவம் கனிந்தபின், 1936இல் தெய்வீக வாழ்க்கைச் சங்கத்தை நிறுவினார். இருநூறுக்கும் மேற்பட்ட நூல்களை இயற்றினார். இல்லறத்தாரைக் காட்டிற்கு வருமாறு அவர் அழைக்கவில்லை. வைகறையில் எழுந்து சிறிது நேரம் தியானித்தல், அன்றாடம் சற்றேனும் மௌனம் காத்தல், இறைநாமம் எழுதுதல், தம் குறைகளை ஆன்மிக நாட்குறிப்பில் பதிந்து திருத்திக்கொள்ளுதல் ஆகியவற்றையே வீட்டிலிருந்தபடி செய்யத்தக்க சாதனைகளாக வகுத்தளித்தார்.

1963ஆம் ஆண்டு ஜூலை 14ஆம் நாள் சுவாமிகள் மகாசமாதி எய்தினார். அவர் மருத்துவராக உழைத்த இந்நாட்டிலும் அவரது நெறி வேரூன்றியது. செந்தூலுக்கு அண்மையிலுள்ள பத்துமலையில் அவர் திருப்பெயரால் சிவானந்தாசிரமம் விளங்குகிறது. திருவிழாவின் மேளமும் ஆரவாரமும் ஓய்ந்தபின், கோயில் பிரகாரத்தில் ஒரு நாழிகை தனித்தமர்ந்து இறைவனை எண்ணி, புத்துணர்வோடு எழுந்து பிறர்க்குதவச் செல்லும் அடியார் ஒவ்வொருவரும், அம்மகான் நடந்த வழியில் ஓரடி வைத்தவரே ஆவர்.